தூய வாழ்வும் கசந்த உள்ளமும்



மாலைத் திருப்பலி முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பின்னரும் ஆலய முற்றத்து வேப்பமரத்தடியில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அருகே சென்றால் மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவார். ஆலயக் கதவுகளைப் பூட்டும் நேரம் வந்த பின்னர்தான் தாம் சொல்ல வந்ததைச் சொல்வார்.

அவர் குடும்பத்தின் மூத்த மகன். தந்தை இறந்தபோது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. அவருக்குப் பின் மூன்று தங்கைமார். மத்திய கிழக்கு நாடொன்றுக்குப் போனார். ஒரே அறையில் பலரோடு படுத்து எழும்பி, உழைத்த பணத்தையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார். சீதனம் கொடுத்துத் தங்கைமார் மூவரையும் கரைசேர்த்தார். கூட இருந்த நண்பர்கள் சென்ற தீய இடங்களுக்கு அவர் ஒருநாளும் சென்றதில்லை. சிறுவயதில் தாய் சொல்லிக்கொடுத்த செபமாலையை விட்டதுமில்லை. இன்று வயது 40-ஐத் தாண்டிவிட்டது. பேசிவந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. வயதான தாயோடு ஊரில் இருக்கிறார். அண்மைக் காலமாக, இரவில், கைத்தொலைபேசியில் பார்க்கத் தகாதவற்றைப் பார்க்கும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டுவிட்டது. பார்த்த பின்னர் வெட்கம், விடியும்வரை உறக்கமில்லை.

ஆனால், அவர் சொல்ல வந்தது அதை மட்டுமன்று. தலையைக் குனிந்தபடி இதையும் சொல்வார்: "சுவாமி, நான் இத்தனை காலம் ஒரு பிழையும் விடாமல் இருந்தேன். பிழை விட்டவர்களுக்கெல்லாம் மனைவி, பிள்ளைகள், வீடு என்று எல்லாம் இருக்கிறது. எனக்கு ஆண்டவர் என்ன தந்தார்?"

வாசகர்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். இவர் ஒரு தனி மனிதர் அல்லர். பல ஆண்டுகளாகப் பலர் பலவிதமாக என்னோடு பகிர்ந்துகொண்ட துயரத்தை ஒருவருடையதாகச் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது எதுவும் இதில் இல்லை. ஆயினும், இவருடைய கேள்வி உண்மையான கேள்வி. கணவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளோடு தனித்திருக்கும் மனைவி இதைக் கேட்கிறாள். இளவயதிலேயே கைம்பெண்ணானவள் கேட்கிறாள். திருமணத்திற்கு முன் தன்னைக் காத்துக்கொண்டதற்காக நண்பர்களின் கேலிக்கு ஆளாகும் இளைஞன் கேட்கிறான். துறவறத்தாரும் சில வேளைகளில் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியைப் பற்றியே இவ்வாரம் சிந்திக்க விரும்புகிறேன்.

சோதனைக்குக் கதவு திறப்பது எது?

கற்பைப் பற்றி நாம் மறையுரை ஆற்றும்போது பெரும்பாலும் கண்களைப் பற்றிப் பேசுகிறோம்; தீய நட்பைப் பற்றியும், திரைப்படத்தையும் தொலைபேசியையும் பற்றியும் பேசுகிறோம். இவையெல்லாம் பேசப்பட வேண்டியவையே. ஆனால், உள்ளத்தில் குடிகொள்ளும் மனக்கசப்பைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். உடலின் இச்சை ஒரு மனிதனை அழைக்கிறது, அவன் மறுக்கிறான். மறுபடி அழைக்கிறது; மறுபடியும் மறுக்கிறான். அப்போது மனக்கசப்பு அவன் அருகில் வந்து அமர்ந்து, "இவ்வளவு துன்பப்பட்டாய், இந்தச் சிறு இன்பம்கூடவா உனக்கு ஆகாது? இது உனக்கு உரியதுதானே?" என்கிறது. இச்சை ஆசையை மூட்டுகிறது. மனக்கசப்போ அந்த ஆசைக்கு நியாயம் கற்பிக்கிறது. தன்னைத் தவறு செய்பவனாக எண்ணும் மனிதன் விழுந்தாலும் விரைவில் எழுந்துவிடுவான். தனக்குரியதையே எடுத்துக்கொள்வதாக எண்ணுபவன் எழும்ப வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் கிடப்பான். இதிலேதான் ஆபத்து இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிணற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். பெய்கின்ற மழை அதனூடாக இறங்கி, கீழே ஊடுருவியிருக்கும் கடல்நீரின்மேல் நன்னீராகத் தங்கி நிற்கிறது. அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும். மழையும் இல்லாமல், இயந்திரம் வைத்து ஓயாமல் இறைத்தால், அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவிடும். கிணற்றுக்குள் எவரும் உப்பைக் கொட்டியதில்லை. நன்னீர் குறையக் குறைய உவர் தானாகவே ஏறியது. மனித உள்ளமும் இத்தகையதே. குடும்பத்திற்காகக் கொடுத்து, கடமைக்காகக் கொடுத்து, பொறுத்துப் பொறுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பவன், தன்னுள்ளே மழை இறங்குவதற்கு இடம் வைக்காவிட்டால், ஒருநாள் அவனுடைய நல்ல தண்ணீரே உவர்த்துப்போகும். அப்போது அவன் கற்போடு வாழ்ந்தாலும் அந்தக் கற்பில் இனிமை இராது.

ஆசாபு கேட்ட கேள்வி

இந்தக் கேள்வியைக் கேட்பதே பாவம் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அவர்கள் திருவிவிலியத்தைத் திறந்து 73-ஆம் திருப்பாடலை வாசிக்கட்டும். அது ஆசாபின் பெயரால் வழங்கும் பாடல். தீயோர் கொழுத்து வாழ்வதைக் கண்டு அவர் பொறாமை கொள்கிறார். தம்முடைய கால்கள் வழுக்கி விழவிருந்ததை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறார். உள்ளத்தைச் சுத்தமாகக் காத்துக்கொண்டதெல்லாம் வீண் உழைப்போ என்று மனம் வெதும்புகிறார். வேப்பமரத்தடியில் நின்றவர் கேட்டதும் இதே கேள்விதான். ஏறக்குறைய அதே சொற்களில் அது திருவிவிலியத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. இறைவன் அதை அழித்துவிடவில்லை. தம் மக்கள் தமக்கு முன்பாகப் பாடுவதற்கென்று அதைக் காத்து வைத்திருக்கிறார்.

ஆசாபு இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது, அந்தக் கசப்பை ஊரெங்கும் பேசித் திரியவில்லை; அவ்வாறு பேசினால் இறைவனின் பிள்ளைகளுக்குத் தாம் துரோகம் செய்பவராவார் என்று உணர்ந்தார். இரண்டாவது, அதைத் தமக்குள்ளேயே பூட்டியும் வைக்கவில்லை. அதைச் சுமந்துகொண்டு இறைவனின் தூயகத்திற்குள் நுழைந்தார். அங்கேதான் அவருடைய பார்வை மாறியது. கசந்த உள்ளத்தோடு நின்ற வேளையில் தாம் ஒரு விலங்கைப்போல இருந்ததாக அவரே சொல்கிறார். ஆனால், அந்த நிலையிலும் இறைவன் தம்முடைய வலக்கையைப் பிடித்திருந்தார் என்பதைக் கண்டுகொள்கிறார். அவருக்குக் கிடைத்த விடை செல்வமன்று; தீயோரின் அழிவும் அவருக்கு முதன்மையான ஆறுதலன்று. தாம் எப்போதும் இறைவனோடு இருக்கிறார் என்பதே அந்த விடை.

மூத்த மகனின் ஆட்டுக்குட்டி

ஊதாரி மகனின் உவமையை நாம் தவக்காலந்தோறும் கேட்கிறோம். அந்த உவமையில் மற்றொரு மகனும் இருக்கிறான் (லூக்கா 15:25-32). அவன் வீட்டைவிட்டுப் போகவில்லை, சொத்தை அழிக்கவில்லை, தந்தையின் கட்டளையை மீறவில்லை. வயலிலிருந்து களைத்து வருகிறான். வீட்டிலே ஆடல் பாடல் கேட்கிறது. காரணம் தெரிந்ததும் உள்ளே செல்ல மறுக்கிறான். இத்தனை ஆண்டுகள் அடிமைபோல் உழைத்தும் நண்பர்களோடு மகிழ்ந்திருக்க ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தனக்குத் தரப்படவில்லையே என்பது அவனுடைய முறைப்பாடு.

இங்கே ஒரு சிறு விடயத்தைக் கவனியுங்கள். இளைய மகன் தொலைநாட்டில் தாறுமாறாக வாழ்ந்தான் என்று மட்டுமே இயேசு கதையில் சொல்லியிருந்தார். விலைமகளிரைப் பற்றி முதன்முதலாகப் பேசுபவன் மூத்த மகனே. தம்பி அங்கே என்ன செய்தான் என்பதை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் அவனுடைய உள்ளம் அந்தக் காட்சியை வரைந்துவைத்திருக்கிறது. வயலிலே உடல் உழைத்துக்கொண்டிருந்தபோது எண்ணம் எங்கே சென்று வந்ததோ! ஒழுக்கமாக வாழ்ந்துகொண்டே ஒழுக்கமற்றவர்களைப் பார்த்துப் பொருமுகின்ற உள்ளத்தை நம் ஆண்டவர் எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்கிறார்!

தந்தையோ அவனைக் கண்டிக்கவில்லை. இளையவனை எதிர்கொள்ள ஓடியவர், மூத்தவனுக்காகவும் வெளியே வருகிறார், வருந்தி அழைக்கிறார். நீ எப்போதும் என்னோடு இருக்கிறாயே, என்னுடையதெல்லாம் உன்னுடையதுதானே என்ற பொருள்பட அவனுக்கு எடுத்துரைக்கிறார். அந்த மகன் ஆட்டுக்குட்டியைக் கூலியாக எண்ணினான். தந்தையோ தம்மோடு இருக்கும் வாழ்வையே அவனுக்கு உரிமையாகக் கொடுத்திருந்தார். கற்பு நெறியை ஒரு கடன்பத்திரம்போல வைத்துக்கொண்டு, "இத்தனை ஆண்டு வட்டி சேர்ந்துவிட்டது, இனி ஆண்டவர் தரவேண்டும்" என்று நாம் கணக்குப் பார்க்கும்போது, வீட்டுக்குள்ளே இருந்தும் நாம் கூலிக்காரர்களாகிவிடுகிறோம். மூத்த மகன் உள்ளே சென்றானா இல்லையா என்பதை இயேசு சொல்லவில்லை. அந்த முடிவை நம் கையில் விட்டிருக்கிறார்.

யோசேப்பு எதைப் பற்றிக்கொண்டார்?

மனக்கசப்புக்குக் காரணம் உள்ளவர்கள் யார் என்று கேட்டால், முதலில் நிற்பவர் தொடக்க நூலில் வரும் யோசேப்பே. 17 வயதில் உடன்பிறந்தவர்களால் குழியில் தள்ளப்பட்டார், விற்கப்பட்டார். அயல்நாட்டில் அடிமையானார். தந்தை அருகில் இல்லை, ஊரார் கண் இல்லை, கேட்பார் எவருமில்லை. எசமானனின் மனைவி ஒருநாளல்ல, நாள்தோறும் அவரை வற்புறுத்தினாள். "என்னைக் கைவிட்ட குடும்பத்துக்காகவும் கடவுளுக்காகவும் நான் ஏன் இன்னும் கட்டுப்பட்டிருக்க வேண்டும்?" என்று அவர் எண்ணியிருந்தால் வியப்பதற்கில்லை. அவரோ தம்மை நம்பிய எசமானனை நினைத்தார், இறைவனை நினைத்தார். மேலாடையை அவள் கையில் விட்டுவிட்டு ஓடினார்.

அதற்குக் கிடைத்த பரிசு என்ன? சிறை. தூய்மையைக் காத்ததற்காகவே அவர் குற்றவாளியானார். பானம் பரிமாறுவோரின் தலைவன் உதவுவான் என்று நம்பினார். அவனோ அவரை மறந்துபோனான். பின்னும் இரண்டு ஆண்டுகள் கடந்தன. பார்வோன்முன் நின்றபோது அவருக்கு வயது 30. குழியிலிருந்து அரண்மனைக்கு 13 ஆண்டுகள்! தூய்மையாக வாழ்ந்தால் ஆண்டவர் உடனே நல்ல சம்பந்தம் தருவார், நல்ல வேலை தருவார் என்று எளிதாக வாக்களிப்பவர்கள் தொடக்க நூலின் 39-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசிப்பது நல்லது. அந்த அதிகாரம் தரும் வாக்குறுதி வேறு. அடிமையாக வீட்டில் இருந்தபோதும் ஆண்டவர் யோசேப்போடு இருந்தார். கைதியாகச் சிறையில் இருந்தபோதும் ஆண்டவர் யோசேப்போடு இருந்தார். அதிகாரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தச் செய்தியே திரும்பத் திரும்ப வருகிறது.

அன்புக்குரியவர்களே, மூன்று இடங்களிலும் விடை ஒன்றாகவே இருப்பதைக் கண்டீர்களா? ஆசாபுக்கும், மூத்த மகனுக்கும், யோசேப்புக்கும் கிடைத்தது "உன்னோடு இருக்கிறேன்" என்பதே. தூய உள்ளத்தோர் கடவுளைக் காண்பர் என்று மலைமேல் ஆண்டவர் அறிவித்த பேறும் இதுவே. அவரோடிருப்பதே தூய வாழ்வின் கைம்மாறு. அதைச் சுவைக்காதவரை எந்தப் பரிசும் நமக்குப் போதாது.

சினமும் இச்சையும்

ஐந்தாம் நூற்றாண்டில் மர்சேய் நகரில் துறவுமடங்களை நிறுவிய யோவான் கசியான் என்ற துறவி, எகிப்தியப் பாலைநிலத் தந்தையரின் உரையாடல்களை எழுதிவைத்தார். அவற்றுள் ஒன்று கற்பைப் பற்றியது. கெரேமோன் என்னும் முதிய தந்தை அதில் பேசுகிறார். ஒருவன் உள்ளத்தின் பொறுமையிலும் சாந்தத்திலும் எவ்வளவு வளர்கிறானோ, அவ்வளவுக்கு உடலின் தூய்மையிலும் வளர்கிறான். சினத்தை எவ்வளவு தூரம் விரட்டுகிறானோ, அவ்வளவு உறுதியாகக் கற்பைப் பற்றிக்கொள்கிறான் என்பது அவருடைய போதனை. நோன்பும் விழிப்பும் மிகுந்த அம்முனிவர்கள், உடலை ஒடுக்கினால் மட்டும் போதாது என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

இதை நம் வாழ்விலும் சோதித்துப் பார்க்கலாம். நாம் விழுந்த நாளை எண்ணிப் பார்ப்போம். அன்று பகலில் எவராவது நம்மை அவமதித்திருந்தார்களா? வீட்டிலே சண்டை நடந்ததா? மற்றவரின் திருமண அழைப்பிதழ் வந்ததா? உழைப்பை எவரும் பாராட்டவில்லையா? பெரும்பாலும் இரவின் வீழ்ச்சிக்கு விதை பகலிலே விழுந்திருக்கும். மனைவியோடு பேசாமல் கசந்திருக்கும் கணவனின் கண் அலைவதும், கணவனின் அலட்சியத்தால் புண்பட்ட மனைவி வேறொருவரின் இனிய சொல்லை நாடுவதும் இவ்வாறுதான்.

என்னைப் பற்றியும் ஒரு சொல். குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவன் சோதனையைத் தாண்டியவன் என்று எண்ணவேண்டாம். திருவிழா முடிந்து, கொடி இறக்கி, குடும்பங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய இரவில், பங்குமனை மிகவும் அமைதியாக இருக்கும். அன்று எவரோ சொன்ன கடுஞ்சொல் ஒன்று மனத்தில் குத்திக்கொண்டிருக்கும். "இவர்களுக்காகவா எல்லாவற்றையும் விட்டேன்?" என்ற எண்ணம் வந்தால், அதுவே எனக்கு எச்சரிக்கை மணி. அவ்வேளையில் இச்சையோடு போராடுவதற்கு முன்னர், அந்தக் கசப்பை ஆண்டவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதைக் காலம் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

விழுந்தவருக்கு

சோதனை வேறு, பாவம் வேறு. நம் ஆண்டவரே நம்மைப்போல எல்லா வகையிலும் சோதிக்கப்பட்டார். பாவம் செய்யவில்லை என்று எபிரேயர் திருமுகம் கற்பிக்கிறது (4:15). எண்ணம் வந்ததற்காக எவரும் தம்மை வெறுக்க வேண்டாம். அதற்கு மனமார இணங்குவதே பாவம்.

விழுந்துவிட்டால்? 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, தன்னடக்கம் நீண்ட காலம் முயன்று செய்யவேண்டிய வேலை என்றும், ஒரேயடியாகப் பெற்று முடித்துவிடக்கூடியது அன்று என்றும் கூறுகிறது (எண் 2342). கற்பிலும் வளர்ச்சிப் படிகள் உண்டு. அவ்வளர்ச்சியில் குறைவுகளும் வீழ்ச்சிகளும்கூட நேர்வதுண்டு என்றும் அது ஏற்றுக்கொள்கிறது (எண் 2343). இது பாவத்திற்கு அனுமதி அன்று. மனமுடைந்து கிடப்பதற்குத் தடை.

புனித அகுஸ்தீனை நினைத்துப் பாருங்கள். 354-இல் பிறந்த அவர், இளமையில் தூய்மையைத் தரும்படி கடவுளிடம் மன்றாடினார். ஆனால், உடனே தந்துவிடுவாரோ என்றும் அஞ்சினார். அதை அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். 386-இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அழுது மனம் திரும்பினார். அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பில் புனித அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். அதோடு போராட்டம் தீர்ந்ததா? ஆயரான பின்னர் எழுதிய தம் ஒப்புதல் நூலிலே, பழைய பழக்கத்தின் காட்சிகள் உறக்கத்தில் இன்னும் தம்மிடம் வருவதாக அவர் இறைவனிடம் சொல்லி, குணமாக்கும்படி வேண்டுகிறார். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநர் இவ்வாறு எழுதத் தயங்கவில்லை என்றால், நாம் நம்பிக்கை இழக்கலாமா?

இன்னுமொரு சாராருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சிறுவயதிலோ பின்னரோ மற்றவரின் வன்செயலுக்கு ஆளாகி, அதனால் தம் தூய்மை போய்விட்டது என்று எண்ணி உள்ளுக்குள் அழுபவர்கள் நம்மிடையே உண்டு. போரைக் கண்ட நம் மண்ணில் இதைச் சொல்லாமல் விடுவது சரியன்று. 410-இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபோது மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களைப் பற்றி அதே அகுஸ்தீன் எழுதுகையில், கற்பு உள்ளத்தில் இருக்கிறது, இணங்காத உள்ளத்தின் கற்பை இன்னொருவரின் வன்முறை பறிக்க இயலாது என்று உறுதியாகக் கற்பித்தார். உங்கள்மேல் குற்றமில்லை. உங்கள் சினத்தையும் கண்ணீரையும் ஆண்டவர் பாவமென்று எண்ணுவதில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் அதைச் சொல்லுங்கள், தனியே சுமக்காதீர்கள்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, கசப்புக்கு அதன் பெயரைச் சொல்லி செபியுங்கள். "ஆண்டவரே, தங்கையின் வீட்டுப் பால்காய்ச்சலுக்குச் சென்று வந்ததில் என் மனம் நொந்துபோனது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அழகான சொற்கள் வேண்டியதில்லை. 73-ஆம் திருப்பாடலைக் கையில் வைத்துக்கொண்டு நற்கருணைப் பேழையின் முன் கால்மணி நேரம் அமர்ந்திருங்கள். கிணற்றுக்கு மழை இறங்கும் நேரம் அதுவே.

இரண்டாவதாக, ஒப்புரவு அருட்சாதனத்தைத் தவறாமல் பெறுங்கள். இயன்றவரை ஒரே குருவிடம் செல்லுங்கள். தீய செயலை மட்டுமன்று, அதற்கு முன்னே வந்த பகையையும் பொறாமையையும் சேர்த்து அறிக்கையிடுங்கள். கிளையை மட்டும் வெட்டி வேரை விட்டுவிட வேண்டாம். பழக்கம் உங்களை மீறிப் போயிருந்தால், மருத்துவரையோ உளவள ஆலோசகரையோ நாடுவது நம்பிக்கைக் குறைவன்று.

மூன்றாவதாக, யோசேப்பைப் போல ஓடத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் அங்கே நின்று வாதாடவில்லை. கைத்தொலைபேசி இரவில் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். பத்து மணிக்குப் பின் தனிமை உங்களை வாட்டுமானால், அந்த நேரத்துக்குச் சிறு வேலையொன்றை வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரோடு பேசுங்கள். ஒரு பத்து மணி செபமாலையாவது சொல்லுங்கள்.

நான்காவதாக, நீங்கள் செய்த தியாகத்தை மீண்டும் ஒருமுறை மனமுவந்து கொடுங்கள். கட்டாயத்தால் கொடுத்ததையும் இன்று அன்பினால் கொடுத்துவிடலாம். யோசேப்பு தம் முதல் மகனுக்கு மனாசே என்று பெயரிட்டார். தம் துன்பத்தை மறக்கும்படி இறைவன் செய்தார் என்பது அதன் கருத்து. ஆயினும், உடன்பிறந்தோரைக் கண்டபோது அவர் மறைவாகச் சென்று அழுதார். மன்னிப்பு ஒரே நாளில் முடிகின்ற வேலையன்று. அழுதழுதே அவர் மன்னித்தார்.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

மேலே சொன்னவை போராடுபவருக்கு. ஆனால், அவருடைய சோதனையில் நமக்கும் பங்குண்டு. மூத்த பிள்ளையின் தோளில் முழுக் குடும்பத்தையும் ஏற்றிவிட்டு, கடைசியில் "உனக்கு வயது போய்விட்டதே" என்று சொல்பவர்கள் நாமே. சீதனத்தைப் பேசிப் பேசித் திருமணங்களைத் தள்ளிப்போடுபவர்களும் நாமே. தனித்திருப்பவரின் நடத்தையைப் பற்றி ஊர்வாயில் பேசுபவர்களும் நாமே. கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணைச் சந்தேகக் கண்ணோடு நோக்கும் நாம், அவளுடைய வீட்டு வாசலில் நின்று "சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டதுண்டா?

உங்கள் வீட்டில் அவ்வாறு ஒருவர் இருந்தால், இன்றே அவருக்கு நன்றி சொல்லுங்கள். "அண்ணா, நீங்கள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை" என்ற ஒரு சொல், ஞாயிறு மதிய உணவுக்கு ஓர் அழைப்பு, அவருக்காக உண்மையோடு வரன் தேடும் முயற்சி ஆகியவை எத்தனையோ இரவுகளின் சோதனையைத் தணிக்கும். உவமையின் தந்தை மூத்த மகனைத் தேடி வெளியே வந்தார் என்பதை மறவாதிருப்போம்.

வேப்பமரத்தடியில் நிற்பவரிடம் நான் நீண்ட போதனை எதுவும் செய்வதில்லை. பூட்டவிருந்த கதவை மீண்டும் திறந்து, அவரை உள்ளே அழைத்துச் செல்வேன். பேழையின் முன் எரியும் சிறு விளக்கைக் காட்டி, "என்னிடம் கேட்டதை இங்கே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பின் இருக்கையில் அமர்ந்துகொள்வேன். அந்த ஒரு மாலையோடு சோதனை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், வாசலுக்கு வெளியே நின்று முறையிட்டவர் அன்று உள்ளே வந்துவிட்டார். அதுவே பெரிய காரியம்.

எங்களோடு இருக்கின்ற ஆண்டவரே, நாங்கள் சொல்லத் துணியாத கசப்பையும் நீர் அறிவீர். எங்கள் உடலைக் காத்தருளும். அதற்கு முன் எங்கள் உள்ளத்தை இனிமையாக்கியருளும். விழுந்தவர்களுக்கு எழும்பும் துணிவைத் தாரும். நின்றுகொண்டிருப்பவர்களுக்கு உம்மோடு இருக்கும் மகிழ்ச்சியைத் தாரும். எங்கள் அன்னை மரியாள் எங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.